கிரயப் பத்திரத்தில் தொடங்கும் வம்சம்

1855-ம் ஆண்டு அக்டோபர் 9-ம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு கிரயப் பத்திரம் எழுதப்பட்டது. விற்றவர் வில்லியம் மெக்கின்னிஸ். வாங்கியவர் மோசஸ் கார்வர் என்ற விவசாயி. விலை 700 டாலர். இவ்வளவு படித்ததும் நீங்கள் ஏதோ நிலத்தையோ ஒரு ஜோடி மாட்டையோ நினைத்திருப்பீர்கள். விற்கப்பட்டது மேரி என்ற கறுப்பினச் சிறுமி. வயது ஏறக்குறைய 13 என்று பத்திரம் சொல்கிறது.

அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலையைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் அடிபடும் பெயர். வேளாண் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் அவரைக் கடலை விஞ்ஞானி என்றுதான் அறிந்திருந்தோம். கடலையிலிருந்து 300 பொருட்கள் செய்தார், பெரிய மேதை, அவ்வளவுதான். அவர் யாருடைய பிள்ளை, எந்த ஊர் மண்ணில் வளர்ந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. பின்னாளில் நானாகத் தேடிப் படித்தபோதுதான், அவருடைய பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர் எல்லோரும் இந்த ஒற்றைப் பத்திரத்தின் முன் வந்து நின்றுவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. அதற்கு அப்பால் வழி இல்லை.

மோசஸ் கார்வரின் கதை அப்படியல்ல. 1812-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். மனைவி சூசனுடன் இல்லினாய் வழியாக மேற்கே வந்து, மிசௌரியின் தென்மேற்கு மூலையில் டயமண்ட் குரோவ் என்ற சிற்றூருக்கு அருகே குடியேறினார். அங்கே 240 ஏக்கர் சேர்த்தார். நிலப் பதிவு, வரிப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்லறைக் கல் என்று எல்லா இடத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரே பண்ணையில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒரு குடும்பத்துக்குப் பத்திரங்கள் இருந்தன. இன்னொரு குடும்பமே அந்தப் பத்திரங்களில் ஒரு சொத்தாக இருந்தது.

அடிமை முறையை விரும்பாதவர் என்றே மோசஸைப் பற்றி எழுதுகிறார்கள். உள்நாட்டுப் போரில் அவர் வடக்கு அரசின் பக்கம் நின்றவர். பிள்ளையில்லாத தம்பதி, வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் வாங்கினார் என்றும் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் 700 டாலரை எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். அதை மறைத்துவிட்டு அவருடைய நல்ல மனதை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயர் இல்லாத கணக்கு

அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும். 1850-லும் 1860-லும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே ஒவ்வொரு அடிமைக்கும் ஒரு வரி. வயது, ஆணா பெண்ணா, நிறம் எது என்பது இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. இத்தனை வயதில் ஒரு பெண், இத்தனை வயதில் ஓர் ஆண் என்பதோடு கணக்கு முடிந்துவிடும். விடுதலைக்குப் பிறகு 1870-ல் எடுத்த கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். இன்றும் கறுப்பினக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுபவர்கள் 1870 வரை வேகமாகப் போய், அங்கே சுவரில் முட்டிக்கொண்டது போல் நிற்கிறார்கள்.

அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் அடிமையின் குடும்பத்தைத் தேடிப் பயனில்லை. ஆண்டையின் குடும்பத்தைத் தேட வேண்டும். அவர் எழுதிவைத்த உயில், செத்த பிறகு எடுத்த சொத்துக் கணக்கு, கிரயப் பத்திரம், வரி ரசீது, தேவாலயப் பதிவேடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கலப்பை, குதிரை, செம்புப் பானை என்று போகும் பட்டியலின் நடுவே ஒரு பாட்டியின் பெயர் தட்டுப்படலாம். போருக்குப் பிறகு விடுதலையான மக்களுக்காக அரசு நடத்திய அலுவலகத்தின் பதிவுகளும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. 1890-ம் ஆண்டுக் கணக்கெடுப்போ யாருக்கும் உதவாது. 1921 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் ஏற்பட்ட தீவிபத்தில் அது பெரும்பகுதி அழிந்துபோனது.

மேரியின் பத்திரத்தில் அவளுடைய தாய் தந்தையின் பெயர் இல்லை. எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. அன்றைய சட்டப்படி அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை, தகப்பன் யாராக இருந்தாலும், தாயின் உரிமையாளருக்கே சொந்தம். அதனால் மேரிக்கு 1859-ல் பிறந்த மூத்த மகன் ஜிம், பிறகு பிறந்த ஜார்ஜ் இருவரும் பிறந்த நொடியிலேயே மோசஸ் கார்வரின் சொத்துக் கணக்கில் ஏறினார்கள்.

ஜார்ஜ் பிறந்த தேதியை யாரும் குறித்துவைக்கவில்லை. 1864-ஐ ஒட்டி என்பது பொதுவான கணிப்பு. மிசௌரியில் அடிமை முறை ஒழிந்தது 1865 ஜனவரியில். அப்படியானால் அவர் அடிமையாகப் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே விடுதலையானவர். தகப்பனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர் சொன்னதுதான். பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தார், வண்டியில் மரம் ஏற்றிப் போகும்போது விபத்தில் இறந்தார் என்று கேட்டிருந்தார்.

தாயும் நிலைக்கவில்லை. போர் நடந்த அந்த ஆண்டுகளில் மிசௌரிக்கும் ஆர்கன்சாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் கொள்ளைக் கூட்டங்கள் அலைந்தன. ஆண்டைகளிடமிருந்து அடிமைகளைக் கடத்தித் தெற்கே கொண்டுபோய் விற்பதும் அவர்களுடைய தொழில்களில் ஒன்று. ஒரு நாள் அவர்கள் மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மோசஸ் ஜான் பென்ட்லி என்ற ஆளைத் தேட அனுப்பினார். திரும்பி வந்த பென்ட்லியிடம் குழந்தை மட்டும் இருந்தது. மேரி கிடைக்கவில்லை, அதன் பிறகு யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. குழந்தையை மீட்டுத் தந்ததற்காக மோசஸ் ஒரு பந்தயக் குதிரையைக் கொடுத்தார். அதன் மதிப்பு 300 டாலர் என்று சொல்வது வழக்கம்.

கார்வர் வீட்டு ஜார்ஜ்

கக்குவான் இருமலில் நொந்து பிழைத்த குழந்தை. மோசஸும் சூசனும் ஜிம்மையும் ஜார்ஜையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜிம் திடகாத்திரமானவன், வயல் வேலைக்குப் போனான். ஜார்ஜ் மெலிந்த உடம்பு, கீச்சுக் குரல். அதனால் சூசனுக்குத் துணையாகச் சமையல், துணி துவைப்பு, தையல் என்று வீட்டு வேலை. மீதி நேரமெல்லாம் காட்டில். செடிகளைப் பிடுங்கிவந்து ரகசியமாக ஒரு தோட்டம் போட்டான். வாடிய செடியைக் கொடுத்தால் தழைக்கவைத்துவிடுவான் என்று அக்கம்பக்கத்தில் பேர் வந்தது. செடி வைத்தியர் என்றே கூப்பிட்டார்கள்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. 8 மைல் தொலைவில் நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. சிறுவன் தனியே கிளம்பிப் போனான். அங்கே அவனுக்கு இடம் கொடுத்தவர்கள் ஆண்ட்ரூ வாட்கின்ஸ், மரியா வாட்கின்ஸ் என்ற தம்பதி. மரியா ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மூலிகை அறிந்தவர். பெயர் என்ன என்று கேட்டதற்குப் பையன், கார்வர் வீட்டு ஜார்ஜ் என்று சொன்னானாம். அதுவரை அவனை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். மரியா அதை அங்கேயே திருத்தினார். இனிமேல் உன் பெயர் ஜார்ஜ் கார்வர், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார்.

சின்ன மாற்றம்தான். ஆனால் முதல் பெயரில் அவன் ஒருவருடைய பொருள். இரண்டாவதில் ஓர் ஆள். வாங்கியவரின் குடும்பப் பெயரே ஆனாலும், அதைத் தன் பெயராகச் சொல்லும் உரிமையை அவனுக்குக் கொடுத்தது ஒரு மருத்துவச்சி. நடுவில் உள்ள வாஷிங்டன் பிறகு ஒட்டிக்கொண்டது. கான்சாஸ் மாநிலத்தில் அவர் இருந்த ஊரில் இன்னொரு ஜார்ஜ் கார்வர் இருந்ததால் கடிதங்கள் மாறிப் போயின. அதைத் தவிர்க்க நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அந்த எழுத்துக்கு விளக்கமாக வந்ததே வாஷிங்டன்.

அடுத்த 10 ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஊர் ஊராக அலைந்தார், சலவை செய்து பிழைத்தார், கிடைத்த பள்ளியில் படித்தார். 1879-ல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த ஊரை விட்டே போனார். அண்ணன் ஜிம் 1883-ல் பெரியம்மையில் இறந்தார். அதோடு ரத்த உறவு என்று சொல்ல யாரும் இல்லை. 1885-ல் கான்சாஸில் ஒரு கல்லூரி தபால் மூலம் அவருக்கு இடம் கொடுத்தது. நேரில் போய் நின்றபோது நிறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது.

அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் செய்தது விவசாயிகளாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய காரியம். 1886-ல் கான்சாஸின் மேற்கே நெஸ் வட்டத்தில், ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் 160 ஏக்கருக்கு மனுப் போட்டார். 1862-ல் வந்த அந்தச் சட்டப்படி, அரசு நிலத்தில் வீடு கட்டி 5 ஆண்டுகள் தங்கிச் சாகுபடி செய்தால் நிலம் உங்களுக்குச் சொந்தம். மரமே இல்லாத புல்வெளி அது. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார். 17 ஏக்கரைத் தன் கையால் உழுது மக்காச்சோளமும் காய்கறியும் போட்டார், பழ மரங்களும் நட்டார். தாயின் பெயர் விற்பனைச் சரக்காகப் பதிவான நாட்டில், மகனின் பெயர் நிலத்துக்கு மனுப் போட்டவராகப் பதிவானது. ஆனால் மழை குறைந்த வறண்ட பூமி. மூன்றாம் ஆண்டில், படிப்புக்கென்று வங்கியில் 300 டாலர் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1890-ல் அயோவா மாநிலத்தில் சிம்சன் கல்லூரியில் ஓவியமும் பியானோவும் படிக்கச் சேர்ந்தார். அவர் வரைந்த செடிகளைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், இந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் வேளாண் கல்லூரி என்று கண்டுகொண்டார். அவருடைய தந்தை ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். 1891-ல் கார்வர் அங்கே முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். 1894-ல் இளநிலை, 1896-ல் முதுநிலைப் பட்டம். லூயி பம்மெல் என்ற பேராசிரியரிடம் பூஞ்சணவியல் கற்றார். அங்கே ஒரு பேராசிரியரின் சிறு மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு செடி பார்க்க நடப்பான். பெயர் ஹென்றி வாலஸ். பின்னாளில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கி, அமெரிக்காவின் வேளாண் அமைச்சராகி, துணை அதிபராகவும் ஆனவர்.

கார்வர் 1894-ல் எழுதிய பட்ட ஆய்வேட்டின் பொருள், மனிதன் தாவரங்களை எப்படி மாற்றியிருக்கிறான் என்பது. எந்தத் தாயோடு எந்தத் தகப்பனைச் சேர்த்தால் எப்படிப்பட்ட பிள்ளை வரும் என்பதே அந்த ஆய்வின் அடிப்படை. தன் தகப்பன் பெயர் தெரியாதவர் செடிகளின் தாய் தகப்பனைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டாண்டி மண்

1896 அக்டோபரில் புக்கர் வாஷிங்டன் அழைப்பின் பேரில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு வந்தார். ஆண்டுக்கு 1000 டாலர் சம்பளம். ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. குப்பையில் கிடந்த பாட்டில்களையும் பழைய விளக்குகளையும் பொறுக்கிவந்து கருவிகளாக்கினார். மறு ஆண்டு மாநில அரசு அங்கே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்க அனுமதித்து ஆண்டுக்கு 1500 டாலர் ஒதுக்கியது. அப்போது மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அலபாமாவில் அது வெள்ளையர் கல்லூரிக்குப் போனது.

சுற்றிலும் பருத்தி. வீட்டு வாசற்படி வரை பருத்தி. ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பருத்தி மண்ணைத் தின்றுவிடும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். பஞ்சு மட்டும் வெளியேறினால் அதில் போகும் சத்து மிகக் குறைவு. அங்கே மண் கெட்டதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆண்டுதோறும் அதே பயிர், களையெடுத்துத் துடைத்துவைத்த வெற்று நிலம், குளிர்காலத்தில் மூடாக்கு எதுவும் இல்லாமல் அடிக்கும் மழை. மேல்மண் அடித்துக்கொண்டு போய் அடியிலிருந்த செங்களி தெரிந்தது. விதையும் எண்ணெய் ஆலைக்குப் போய்விடும். நிலத்துக்குத் திரும்பி வருவது எதுவுமில்லை.

அதை மாற்ற உழவனால் முடியவில்லை. நிலம் அவனுடையதல்ல, வாரச் சாகுபடி. விதை, மாவு, உப்பு, கோவேறு கழுதை எல்லாம் கடன். கடன் கொடுக்கும் வியாபாரி பருத்தியை அடமானமாக ஏற்றுக்கொள்வார், காய்கறியை ஏற்கமாட்டார். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கணக்குப் புத்தகம் அவரிடம், எழுதத் தெரியாத உழவன் எதிரே. விடுதலை பெற்று 30 ஆண்டுகள் ஆன பிறகும் அந்த மக்களின் தலையெழுத்து மற்றவர் கையில் இருந்த காகிதத்தில்தான் இருந்தது.

கார்வர் இவர்களுக்கு ஒன்றை மட்டும் முடிவாகச் சொன்னார். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் என் பரிந்துரையில் இருக்காது. காட்டில் உதிர்ந்த இலை, சதுப்பு நிலத்தின் கரும்சேறு, தொழுவத்துச் சாணம் மூன்றையும் குழியில் சேர்த்து மக்கவைத்துப் போடச் சொன்னார். பருத்திக்கு அடுத்து தட்டைப்பயறு போடச் சொன்னார். 1903-ல் தட்டைப்பயறுக்கு ஒரு கையேடு, 1905-ல் ஓய்ந்துபோன மண்ணைத் தேற்றுவதற்கு ஒரு கையேடு. மொத்தம் 44 கையேடுகள் எழுதினார். 1898-ல் வந்த முதல் கையேடு, காட்டில் சும்மா கிடைக்கும் ஓக் மரக் கொட்டைகளைக் கால்நடைத் தீவனமாகப் பயன்படுத்துவது பற்றியது. எதில் தொடங்கினார் பாருங்கள்.

பயறு வகையின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்தது 1886-ல். கார்வர் டஸ்கீகிக்கு வந்தபோது அந்த அறிவுக்கு வயது பத்துதான். பத்தே ஆண்டுகளில் அதை எழுதப் படிக்கத் தெரியாத உழவனின் வயலுக்குக் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பது விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும்.

இந்தத் தட்டைப்பயறுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதன் தாயகம் ஆப்பிரிக்கா. அடிமை வணிகம் நடந்த காலத்தில் கடல் தாண்டி அமெரிக்கா வந்தது. நிலக்கடலையின் வழி இன்னும் சுற்று. பிறந்தது தென் அமெரிக்காவில். போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்காவுக்கு வந்தது. அமெரிக்கத் தென்பகுதியில் கடலையை கூபர் என்று சொல்வார்கள். அது ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதி மொழிகளிலுள்ள ங்குபா என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு பயிர் எங்கே பிறந்து எந்தக் கடலைத் தாண்டி எந்தப் பெயரோடு வந்தது என்று தாவரவியலாளர்களால் சொல்ல முடிகிறது. அதே கடல் வழியில் கொண்டுவரப்பட்ட மேரியின் முன்னோர் எந்த ஊர், என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல ஒரு வரி கூட எழுதிவைக்கப்படவில்லை.

கடலை பற்றிய கட்டுக்கதைகளையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் அல்ல. கனடாவைச் சேர்ந்த ஒருவர் 1884-லேயே அதை ஒத்த ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 300 பொருட்கள் என்பதில் பெரும்பகுதி சமையல் குறிப்புகளும், முன்பே தெரிந்த பொருட்களின் வேறு வடிவங்களும். அவர் வாங்கிய காப்புரிமைகள் மூன்றே மூன்று. அவையும் அழகுசாதனப் பொருள், வண்ணப்பூச்சு சம்பந்தப்பட்டவை. 1916-ல் அவர் வெளியிட்ட கடலைக் கையேட்டில் சாகுபடி முறையோடு 105 சமையல் வகைகள் இருந்தன. சமையல் குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். வியாபாரி வாங்காவிட்டாலும் வீட்டில் உண்ண முடிந்தால் உழவன் துணிந்து விதைப்பான். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

வேளாண் விஞ்ஞானி என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். கடலை போட்டால் மண் தானாக வளமாகிவிடும் என்று கார்வர் பெயரைச் சொல்லிப் பேசுவோர் உண்டு. கடலையைக் கொடியோடு பிடுங்கிக் கொடியை மாட்டுக்கோ வியாபாரிக்கோ அனுப்பிவிட்டால், பயிர் பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். கொடியோ, அதைத் தின்ற மாட்டின் சாணமோ வயலுக்குத் திரும்ப வேண்டும். மண்ணைத் தேற்றுவதற்குக் கார்வர் ஆரம்பத்திலிருந்து நம்பியது தட்டைப்பயறையும் மக்கு உரத்தையும்தான். கடலையை அவர் பெரிதாகக் கையிலெடுத்தது, காய்க் கூன்வண்டு அலபாமாவின் பருத்தியை அழிக்கத் தொடங்கிய பிறகு.

படிக்கத் தெரியாதவருக்குக் கையேடு எதற்கு? அதற்கு 1906-ல் ஒரு வழி செய்தார். மோரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் வங்கியாளரின் பணத்தில் ஒரு குதிரை வண்டி தயாரானது. அதை வடிவமைத்தவர் கார்வர். கலப்பை, விதைக்கும் கருவி, பாலில் கொழுப்பு அளக்கும் கருவி, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் அதில் ஏறின. வண்டி ஊர் ஊராகப் போகும். ஒருவர் தோட்டத்தில் நிறுத்தி, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, அவர் நிலத்திலேயே செய்து காட்டுவார்கள். அதை ஓட்டிச் சென்ற தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். நாடு முழுவதற்குமான விரிவாக்கச் சேவைச் சட்டம் வந்தது அதற்கு 8 ஆண்டுகள் கழித்து, 1914-ல். விரிவாக்க அலுவலர்களே, உங்கள் துறைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. அதில் அந்த வண்டிக்கு ஓர் இடம் இருக்கிறது.

கார்வர் எல்லாவற்றிலும் சமர்த்தர் என்று நினைக்க வேண்டாம். டஸ்கீகியில் கோழிப்பண்ணையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அது சரியாக நடக்கவில்லை. 1904-ல் அவர் கொடுத்த கோழிக் கணக்கு உண்மைக்குப் பொருந்தவில்லை என்று விசாரணையே நடந்தது. நிர்வாகத்தில் கோட்டைவிட்டார், கோபித்துக்கொண்டார், ராஜினாமா செய்கிறேன் என்று பலமுறை கடிதம் எழுதினார். போகவில்லை. 47-வது ஆண்டில் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

1921 ஜனவரியில், கணக்கெடுப்பு ஏடுகள் எரிந்துபோன அதே மாதம், அதே வாஷிங்டன் நகரில், கடலை மீதான இறக்குமதி வரி பற்றி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசக் கார்வர் போனார். கொடுத்த நேரம் 10 நிமிடம். பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டத் தொடங்கினார். ஏளனமாக உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, நேரத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான். காந்திக்குக்கூட அவர் உணவு யோசனைகள் அனுப்பியதுண்டு. புதிதாகக் கண்ட பூஞ்சண இனம் ஒன்றுக்குத் தாவர நோயியலார் தஃப்ரினா கார்வெரி என்று பெயர் வைத்தார்கள். கார்வர் வீட்டுச் சொத்தாகப் பிறந்தவருடைய பெயர் அறிவியலின் இனப் பட்டியலில் ஏறிவிட்டது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்த பணம் சுமார் 60,000 டாலரை ஆராய்ச்சிக்கென்று அமைத்த அறக்கட்டளைக்குக் கொடுத்தார். முதுமையில் இருந்த மோசஸ் கார்வரைப் பார்க்கப் பழைய பண்ணை ஊருக்கு ஒருமுறை போனபோது, தாய் மேரி நூல் நூற்ற ராட்டை அவருக்குக் கிடைத்தது. அதை டஸ்கீகிக்குக் கொண்டுவந்து தன் அறையில் கடைசிவரை வைத்திருந்தார். முகம் நினைவில்லாத தாயின் கை பட்ட பொருள் அது.

1943 ஜனவரி 5-ம் தேதி இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் மோசஸ் கார்வரின் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த நாட்டில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுவே. இன்றும் அங்கே போகிறவர்கள் சிறுவன் ஜார்ஜ் சுற்றித் திரிந்த காட்டுப் பாதையில் நடக்கிறார்கள். அந்தப் பாதை கார்வர் குடும்பத்தின் கல்லறைகள் வழியாகவும் போகிறது. கற்களில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. மேரியின் பெயர் அங்கே இல்லை. அவள் பெயரைப் படிக்க 700 டாலர் பத்திரத்துக்குத்தான் போக வேண்டும்.